சட்டம் நீங்கியது, வீட்டுச் சிறை நீங்கவில்லை

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறக் கிராமங்களைச் சேர்ந்த தமிழ்ப்பேசும் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மலேசியாவில் பாலினச் சிறுபான்மையினர் எதிர்கொள்ளும் சட்ட, சமூக நெருக்கடிகள் குறித்து உரையாற்றுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். எல்லைப்புறக் கிராமங்களில் வாழும் நமக்கு மலேசியாவைப் பற்றி என்ன கவலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அது நமக்கு அயல்நாடு மட்டுமன்று. தோட்டத் தொழிலுக்காக ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அங்குள்ள சட்டம் அவர்களையும் ஆள்கிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. மலேசியாவைப் பார்த்துவிட்டு நம் தெருவைப் பார்த்தால், நாம் பார்க்க மறுத்த சில உண்மைகள் தெளிவாகத் தெரிகின்றன.

2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாதம் 3ஆம் நாள், மலேசியாவின் தெரங்கானு மாநிலத்தில், ஷரியா நீதிமன்றத்தில், ஏறத்தாழ நூறு பேர் பார்த்திருக்க, இரண்டு பெண்களுக்கு ஆளுக்கு ஆறு பிரம்படி கொடுக்கப்பட்டது. இருவரும் தம்முள் உறவு கொள்ள முயன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அதற்கு மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 6 அன்று, தில்லியில் நம் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தார்கள். செப்டம்பர் 24 அன்று, எர்ணாகுளத்தில் கேரள உயர்நீதிமன்றம் ஓர் ஆட்கொணர்வு மனுவை விசாரித்தது. நம் திருவனந்தபுரம் மாவட்டக் காவல்துறையை எதிர்மனுதாரராகக் கொண்டு சென்ற வழக்கு அது. 24 வயதுப் பெண் ஒருவரைப் பெற்றோர் அவருடைய தோழியிடமிருந்து பிரித்துச் சென்று, மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். அவர் தம் விருப்பப்படி தோழியுடன் செல்லலாம் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

மூன்று வாரங்கள், மூன்று நீதிமன்றங்கள். முதலாவது செய்தியைக் கேட்டு, "அது முஸ்லிம் நாடு, அப்படித்தான் இருக்கும்" என்று நம்மிற் சிலர் சொல்லக்கூடும். இரண்டாவது செய்தியைக் கேட்டு, "நம் நாட்டில் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது" என்று சொல்லக்கூடும். இவ்விரண்டு முடிவுகளும் பிழையானவை. ஏன் பிழை என்பதை விளக்குவதே இந்த உரையின் நோக்கம்.

சட்டம் எங்கிருந்து வந்தது?

இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் வரைவைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் மெக்காலே. அச்சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கை ஒழுங்குக்கு மாறான உடலுறவு என்று தான் கருதியதற்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. இந்தியாவின் எந்தச் சாத்திரத்திலிருந்தும் எந்த மதநூலிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று அது. 1533இல் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழிவந்தது. பேரரசு எங்கெல்லாம் சென்றதோ, அங்கெல்லாம் இந்தச் சட்டமும் சென்றது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றுக்கு 1871இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம், இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. இலங்கைக்கு 1883இல் வந்த சட்டத்தில் 365ஆம் பிரிவாக அமர்ந்தது. பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் மியான்மரிலும் இன்றும் அதே 377 என்ற எண்ணிலேயே இருக்கிறது. கப்பலேறிய தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் இந்தச் சட்டப் புத்தகமும் ஒரே ஆட்சியின் ஏற்பாட்டில்தான் மலேயாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதே காலத்தில் முஸ்லிம் உலகின் பேரரசு என்ன செய்தது? கலீஃபாவின் ஆட்சியில் இருந்த உதுமானியப் பேரரசு 1858இல் புதிய தண்டனைச் சட்டம் இயற்றியது. பிரெஞ்சுச் சட்டத்தைத் தழுவிய அந்தத் தொகுப்பில், வயது வந்தோரின் தனிப்பட்ட தன்பால் உறவுக்குத் தண்டனை இடம்பெறவில்லை. இரண்டே ஆண்டு கழித்துக் கிறித்தவப் பிரிட்டன் நமக்கு அத்தண்டனையைச் சட்டமாக எழுதித் தந்தது. துருக்கியில் இன்றுவரை அது குற்றமாக்கப்படவில்லை. ஜோர்டானிலும் இல்லை. மறுபுறம், பௌத்தப் பெரும்பான்மை கொண்ட இலங்கையில் ஆங்கிலேயர் விட்டுச் சென்ற பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை. 1995இல் அதைத் திருத்தியபோது பெண்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தார்கள். கிறித்தவப் பெரும்பான்மை கொண்ட உகாண்டா, 2023இல் மரண தண்டனை வரை செல்லும் சட்டத்தை இயற்றியது. ஆகவே, "இஸ்லாம்தான் காரணம்" என்ற ஒற்றை வரி விளக்கம் வரலாற்றின் முன் நிற்காது.

இதைச் சொல்வதால், மத அடிப்படைவாத ஆட்சிகளின் கொடுமையை நாம் மூடி மறைப்பதாகப் பொருளன்று. ஈரானிலும் சவூதி அரேபியாவிலும் தன்பால் உறவுக்கு மரண தண்டனை வரை விதிக்க இடமிருக்கிறது. புருனே 2019இல் அத்தகைய சட்டத்தை நடைமுறைப்படுத்தி, உலகளாவிய எதிர்ப்புக்குப் பின்னரே மரண தண்டனையை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும் சிறைத் தண்டனை உண்டு. இவற்றை நாம் கண்டிக்கிறோம். ஆனால் இந்தக் கண்டனத்தை முஸ்லிம் வெறுப்புக்கு விறகாக்க முனைவோரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: 2013 டிசம்பரில் நம் உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தபோது நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?

மலேசியாவின் இரட்டை விலங்கு

மலேசியாவில் இரண்டு சட்ட அமைப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. முதலாவது, கூட்டரசின் தண்டனைச் சட்டம். அதன் 377 'ஏ', 377 'பி' பிரிவுகளின்படி இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். இது மதவேறுபாடின்றி எல்லோருக்கும் பொருந்தும். தமிழ் இந்துவும் சீனப் பௌத்தரும் மலாய் முஸ்லிமும் இதற்கு உட்பட்டவர்களே. இரண்டாவது, மாநிலங்களின் ஷரியா சட்டங்கள். இவை முஸ்லிம்களுக்கு மட்டும். கூட்டரசுச் சட்டம் ஒன்றின்படி, ஷரியா நீதிமன்றங்கள் அதிகபட்சம் மூன்றாண்டு சிறை, ஐயாயிரம் ரிங்கிட் அபராதம், ஆறு பிரம்படி வரை விதிக்கலாம். தெரங்கானுப் பெண்களுக்கு விழுந்த ஆறு அடி அந்த உச்சவரம்புதான்.

இந்த இரண்டாவது அமைப்பிலும் காலனி ஆட்சியின் கை இருக்கிறது. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையின்படி, மலாய் மதமும் வழக்கமும் நீங்கலாக மற்றெல்லா விவகாரங்களிலும் சுல்தான் ஆங்கிலேய அதிகாரியின் ஆலோசனையின்படி நடக்கவேண்டும் என்றாயிற்று. வருவாயையும் நிலத்தையும் ஈயச் சுரங்கத்தையும் வெள்ளையர் எடுத்துக்கொண்டு, மதத்தை மட்டும் சுல்தானிடம் விட்டுவைத்தார்கள். அதிகாரம் இழந்த ஆளும் வர்க்கத்துக்குத் தன் மக்களின்மேல் எஞ்சிய ஒரே அதிகாரம் மத ஒழுக்கத்தைக் காவல் காப்பது என்று ஆனது. விடுதலைக்குப் பின், 1980களிலிருந்து அம்னோ கட்சியும் பாஸ் கட்சியும் யார் பெரிய இஸ்லாமியர் என்று போட்டியிட்டபோது, மாநிலந்தோறும் ஷரியா குற்றச் சட்டங்கள் விரிவடைந்தன. 2018 மே மாதத் தேர்தலில் தெரங்கானுவைப் பாஸ் கைப்பற்றியது. செப்டம்பரில் பிரம்படி நடந்தது. அன்றைய பிரதமர் மகாதீரே, இது இஸ்லாத்தின் நீதியையும் இரக்கத்தையும் காட்டவில்லை என்று வருந்தினார். எனினும் சட்டத்தில் யாரும் கைவைக்கவில்லை.

இந்தச் சட்டம் ஆள்வோருக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு அன்வர் இப்ராகிமின் வாழ்க்கையே சான்று. துணைப் பிரதமராக இருந்த அவர் 1998இல் பதவி நீக்கப்பட்டு, 2000இல் இந்தக் குற்றச்சாட்டின்பேரில் ஒன்பதாண்டுச் சிறை பெற்றார். 2004இல் அத்தீர்ப்பு ரத்தானது. எதிர்க்கட்சித் தலைவராக எழுந்தபோது மீண்டும் அதே குற்றச்சாட்டு. 2015இல் ஐந்தாண்டுச் சிறை உறுதியாயிற்று. 2018இல் மன்னிப்புப் பெற்று வெளிவந்தவர், 2022 நவம்பரில் பிரதமரானார். தம்மை இருமுறை சிறையிலிட்ட சட்டத்தை அவர் நீக்கவில்லை. பாலினச் சிறுபான்மையினரின் உரிமைகளைத் தம் அரசு அங்கீகரிக்காது என்றே சொன்னார். அவரது ஆட்சியில், 2023இல் வானவில் வண்ணக் கைக்கடிகாரங்களைக் கடைகளில் புகுந்து பறிமுதல் செய்தார்கள். அவற்றை வைத்திருப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றும் அறிவித்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓர் அரசு அஞ்சுகிறதென்றால், அந்த அச்சத்தின் பின்னே இருப்பது வாக்கு வங்கி.

அங்கேயும் மக்கள் சும்மா இருக்கவில்லை. நெகிரி செம்பிலான் மாநிலச் சட்டம், ஆண் எனக் கருதப்படுபவர் பொது இடத்தில் பெண்ணுடை அணிந்தால் தண்டித்தது. அதை எதிர்த்துத் திருநங்கையர் மூவர் வழக்காடி, 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். மறு ஆண்டே கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த முறை பிழை என்று காரணங்காட்டி அந்த வெற்றியைப் பறித்தது. 2021 பிப்ரவரியில் அதே கூட்டரசு நீதிமன்றம், சிலாங்கூர் மாநிலத்தின் தன்பால் உறவுத் தடைப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதன் அடிப்படை, அது கூட்டரசின் அதிகாரத்துக்குட்பட்ட குற்றம் என்பதே. ஒரு விலங்கு தளர்ந்தது. மற்ற விலங்கு அப்படியே இருக்கிறது. குவைத்திலும் எதிர்பாலினரைப் போல நடந்துகொள்வதைத் தண்டித்த சட்டப்பிரிவை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே 2022 பிப்ரவரியில் நீக்கியது. முஸ்லிம் நாடுகளில் ஒடுக்குவோர் மட்டும் இல்லை, போராடுவோரும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

உடையின்மேல் அதிகாரம் யாருக்கு?

யார் எந்த உடையை அணியலாம் என்று அரசு தீர்மானிப்பது நமக்குப் புதிதா? இந்த மண்ணில்தான் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டார்கள். சந்தையில் அவர்களுடைய மேலாடையைக் கிழித்தவர்களும் "வழக்கம்", "ஒழுங்கு" என்ற சொற்களைத்தான் பயன்படுத்தினார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் அனுமதி அளித்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற நிபந்தனையுடன்தான் அளித்தார். 1888இல் நாராயண குரு அருவிப்புறத்தில் சிலை நிறுவியதும் இந்த வட்டாரத்தில்தான். ஊரூட்டம்பலம் பள்ளியில் தலித் சிறுமி ஒருத்தியைச் சேர்க்க அய்யன்காளி போராடியதும் இங்கேதான். உடலும் உடையும் வழிபாடும் பள்ளிக்கூட வாசலும் ஆதிக்கத்தின் களங்கள் என்பதை நம் முன்னோர் தம் முதுகில் வாங்கிய அடியால் கற்றார்கள். அந்த வரலாற்றை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம், பெண்ணுடை அணிந்து பேருந்தில் ஏறும் திருநங்கையைப் பார்த்துச் சிரிக்கலாமா?

நம் பக்கத்தில் எஞ்சியிருப்பது

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2014 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமை திருநருக்கு உண்டு என்றது. 2018இல் 377இன் கூர் முறிந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. இல்லாமற் போனதில் ஒரு கேடும் உண்டு. ஆண்கள்மீதும் திருநர்மீதும் இழைக்கப்படும் பாலியல் வன்முறையைத் தண்டிக்க எஞ்சியிருந்த பகுதியும் அத்துடன் போயிற்று. 2019ஆம் ஆண்டுத் திருநர் சட்டம், அவர்கள்மீதான பாலியல் கொடுமைக்கு அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை என்றுதான் எழுதியது. 2023 அக்டோபர் 17 அன்று, தன்பால் இணையருக்குத் திருமண உரிமை அடிப்படை உரிமையன்று என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனினும், நம் பகுதியில் ஒரு பெண்ணை அடைத்துவைப்பது 377ஆம் பிரிவன்று, வீடு. நம் மாவட்டத்து வழக்கை மீண்டும் நினைவுகூருங்கள். உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்த பதினெட்டாம் நாளில்தான் அந்தப் பெண்ணுக்கு விடுதலை கிடைத்தது. அவரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் காவல்துறையினர் அல்லர், பெற்றோர். 2020இல் கேரளத்து மாணவி ஒருவர், தம் விருப்பத்தை வெளிப்படுத்தியதற்காக வீட்டார் தம்மை மையங்களில் அடைத்து மருந்து கொடுத்து மாற்ற முயன்றதைக் காணொளியில் சொல்லிவிட்டு, சில வாரங்களில் உயிரிழந்தார். 2022இல் ஆதிலா நஸ்ரின், பாத்திமா நூரா என்ற இரு இளம்பெண்களின் வழக்கு வந்தது. சவூதி அரேபியாவில் பள்ளியில் படிக்கும்போது பழகியவர்கள் அவர்கள். ஊர் திரும்பிய பின் இருவரையும் குடும்பங்கள் பிரித்தன. நூராவை உறவினர்கள் கொண்டுசென்றுவிட்டார்கள். ஆதிலா தொடுத்த ஆட்கொணர்வு மனுவின்மேல், 2022 மே 31 அன்று கேரள உயர்நீதிமன்றம் இருவரும் சேர்ந்து வாழலாம் என்றது. கடுமையான மதச் சட்டம் ஆளும் நாட்டில் வளர்ந்த நட்பு, சட்டம் தடுக்காத நாட்டில்தான் பூட்டிய கதவைச் சந்தித்தது. இதை நன்கு சிந்திக்கவேண்டும்.

"முஸ்லிம் குடும்பம், அதனால்தான்" என்று யாரேனும் சொன்னால், நம் வார்டிலேயே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்துக் குடும்பத்தில் மந்திரவாதியிடம் அழைத்துச் செல்கிறார்கள். கிறித்தவக் குடும்பத்தில் உபவாச ஜெபத்தில் உட்காரவைக்கிறார்கள். முஸ்லிம் குடும்பத்தில் மந்திரித்து ஓதவைக்கிறார்கள். பகுத்தறிவு பேசும் குடும்பத்தில் மனநல மருத்துவரிடம் இழுத்துச் செல்கிறார்கள். எல்லோரும் கடைசியில் ஒரு வரனைப் பார்க்கிறார்கள். சொத்து, சாதி, குடும்ப மானம் ஆகியவற்றைக் கட்டிக்காக்கும் நிறுவனமாகக் குடும்பம் இருக்கும்வரை, அதன் காவல் எல்லா மதங்களிலும் ஒன்றுபோலவே இயங்கும். எங்கெல்சைப் படித்த நாம் இதைக் கண்டு வியப்படையத் தேவையில்லை.

எல்லையும் காவல் நிலையமும்

நம் கிராமங்களின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் தமிழகத்துடன் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் நம் உறவினர்களில் பாதிப்பேர் களியக்காவிளைக்கு அப்பால் இருக்கிறார்கள். வீட்டை விட்டு வெளியேறும் இருவர் பேருந்தில் ஒரு மணிநேரம் சென்றாலே வேறு மாநிலக் காவல்துறை, வேறு உயர்நீதிமன்றம், வேறு அலுவல் மொழி. ஆகவே இரு பக்கத்துச் சட்ட நிலையும் நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று அளித்த ஆணையில், காணாமற்போனோர் புகாரை விசாரிக்கும்போது இருவரும் வயது வந்தோர், மனமொப்பிச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, துன்புறுத்தாமல் புகாரை முடிக்கவேண்டும் என்று காவல்துறைக்கு உத்தரவிட்டார். பாலீர்ப்பை மாற்றும் "சிகிச்சை"யையும் தடை செய்தார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அத்தகைய சிகிச்சை மருத்துவத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதே ஆண்டு தமிழக அரசு, இம்மக்களைக் காவலர்கள் துன்புறுத்தலாகாது என்று காவலர் நடத்தை விதிகளில் புதிய விதியைச் சேர்த்தது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறி, 25 வயதுப் பெண்ணைத் தம் தோழியுடன் அனுப்பியது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் எல்லா நீதிமன்றங்களுக்கும் நெறிமுறை வகுத்தது. அடைத்துவைக்கப்பட்டவரை நீதிபதி நேரடியாக, வீட்டாரின் அழுத்தம் இல்லாத சூழலில் கேட்டறியவேண்டும். ஆலோசனை என்ற பெயரில் அவருடைய மனத்தை மாற்ற முயலக்கூடாது என்பது அதன் சாரம்.

சட்டம் இவ்வளவு சொல்கிறது. ஆனால் பெற்றோர் முதலில் செல்வது நீதிமன்றத்துக்கா? நம்மிடம் வருகிறார்கள். "தோழரே, பிள்ளை வழிதவறிப் போய்விட்டது, நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்" என்கிறார்கள். கைத்தறியில், ரப்பர் தோட்டத்தில், முந்திரி ஆலையில் நம்முடன் உழைப்பவர்கள் அவர்கள். கண்ணீருடன் வருகிறார்கள். அந்தக் கணத்தில் கிளைச் செயலாளர் எடுக்கும் தொலைபேசிதான் தீர்ப்பு. உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொடுத்ததை, நம் ஒரு தொலைபேசி அழைப்பு பறித்துவிடலாம். தெரங்கானுவில் பிரம்பை எடுத்தவர் அரசு ஊழியர். இங்கே அந்தப் பிரம்பை அன்பின் பெயரால் நம் கையில் கொடுக்கப் பார்க்கிறார்கள். நாம் அதை வாங்கக்கூடாது.

சொற்களைப் பற்றி

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொற்களைப் பற்றிச் சில கருத்துகள். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணையின் ஈறுகளைக் கொண்டே முடியும் என்றும் விதி செய்கிறார். "திரிந்த" என்ற அந்தச் சொல்லில் குறை காணும் பார்வை இருக்கிறது. அதை நாம் மெச்ச வேண்டியதில்லை. ஆயினும் அவர்களை அஃறிணையில் தள்ள அந்த இலக்கணம் துணியவில்லை. "அது", "இது" என்று இன்று கடைத்தெருவில் அவர்களைச் சுட்டுவோர் தமிழ் இலக்கணத்துக்கும் துரோகம் செய்கிறார்கள்.

திருநங்கை, திருநம்பி, திருநர், தன்பாலீர்ப்பாளர், பால்புதுமையினர் என்ற சொற்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன. சென்னை உயர்நீதிமன்றம் வலியுறுத்தியதன்பேரில், தமிழக அரசு 2022இல் இத்தகைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. கேரள அரசின் அறிவிப்புகள் மலையாளத்தில் வருகின்றன. நம் கிராமங்களின் தமிழ்ப்பேசும் தாய் அவற்றைப் படிப்பதில்லை. வசவுச் சொல் மட்டுமே தெரிந்த வீட்டில், பிள்ளை தன்னைப் பற்றி எந்தச் சொல்லால் தாயிடம் பேசும்? மரியாதையான சொல் இருந்தால்தான் பேச்சு தொடங்கும்.

இது வர்க்கப் பிரச்சினையா?

"இது நகரத்துப் படித்தவர்களின் விவகாரம், தொழிலாளிக்கு இதில் என்ன?" என்று ஒரு தோழர் கேட்கலாம். 2017இல் கொச்சி மெட்ரோ நிறுவனம் 23 திருநருக்கு வேலை வழங்கியது. நாடே பாராட்டியது. சிறிது காலத்திலேயே அவர்களுள் சிலர் விலகினார்கள். வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. கிடைத்த விடுதி அறையின் வாடகை சம்பளத்தைத் தின்றது. வேலை, கூலி, குடியிருப்பு ஆகியவை வர்க்கப் பிரச்சினை அன்றி வேறென்ன? பணமுள்ள தன்பாலீர்ப்பாளர் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ சென்றுவிடுவார். தறியில் வேலை செய்பவர் எங்கே செல்வார்? ஒடுக்குமுறை முழு எடையுடன் விழுவது ஏழையின் தலையில்.

நம் உலக இயக்கத்தின் வரலாற்றையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். 1898இல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் தன்பால் உறவுத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரிய மனுவுக்கு ஆதரவாகப் பேசியவர் சோசலிசத் தலைவர் ஆகஸ்ட் பேபல். புரட்சிக்குப் பின் 1922ஆம் ஆண்டு சோவியத் ரஷ்யாவின் தண்டனைச் சட்டத்தில் அக்குற்றம் இல்லை. ஆனால் 1930களின் நடுவில் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. கியூபாவில் 1960களில் தன்பாலீர்ப்பாளர்களை உழைப்பு முகாம்களுக்கு அனுப்பினார்கள். 2010இல் பிடல் காஸ்ட்ரோ அந்த அநீதிக்குத் தாமே பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். 2022 செப்டம்பரில் கியூப மக்கள் பொதுவாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்கினர் ஆதரவுடன் புதிய குடும்பச் சட்டத்தை ஏற்று, தன்பால் திருமணத்தை அங்கீகரித்தார்கள். ஆயிரக்கணக்கான கூட்டங்களில் ஊர்தோறும் விவாதித்த பின்னரே அந்த வாக்கெடுப்பு நடந்தது. மேலிருந்து வந்த தீர்ப்புக்கும் கீழிருந்து எழுந்த சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நம் நாட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. ஊர்க்கூட்டம் இன்னும் நடக்கவில்லை.

செய்யவேண்டியவை

கிளைகளின் முன் நான்கு பணிகளை வைக்கிறேன்.

முதலாவது, வயது வந்த ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வீட்டாரிடம் ஒப்படைக்க நம் கட்சிப் பெயரையோ தொடர்பையோ யாரும் பயன்படுத்தக்கூடாது. காவல் நிலையத்துக்குச் செல்ல நேர்ந்தால், அவருடைய வாக்குமூலம் அழுத்தமின்றிப் பதிவாவதை உறுதிசெய்யவே செல்லவேண்டும்.

இரண்டாவது, பெற்றோரைப் பகைவராக்காமல் அவர்களுடன் உட்கார்ந்து பேசவேண்டும். இது நோயன்று என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இலேயே அறிவித்ததை எடுத்துச் சொல்லவேண்டும். மாதர் அமைப்பின் தோழியர் இதில் முன்னிற்கலாம்.

மூன்றாவது, நலத்திட்டங்கள் அவர்களைச் சென்றடையவேண்டும். சேர்ந்து வாழும் தன்பால் இணையரை ஒரே குடும்பமாகக் கொண்டு ரேஷன் அட்டை வழங்குமாறு 2024இல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. கூட்டு வங்கிக் கணக்குக்கும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. நம் ஊராட்சி உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? திருநருக்கென நாட்டிலேயே முதன்முதலில், 2015இல், கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். அதை அறிவித்தது நமக்கு எதிரணி அரசு என்பதற்காக அதன் பயன்களை நம் மக்களுக்குக் கொண்டுசேர்க்கத் தயங்கலாகாது.

நான்காவது, மலேசியாவையோ வளைகுடாவையோ காட்டி முஸ்லிம்களை இழிவுபடுத்தும் பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் அதை மறுக்கவேண்டும். தெரங்கானுவில் அடிபட்ட பெண்கள் இருவரும் முஸ்லிம்களே. நாம் நிற்பது அவர்களுடைய பக்கம். அவர்களை அடித்தவர்களுக்கும், அவர்கள் பெயரால் இங்கே வெறுப்பை விற்பவர்களுக்கும் நாம் எதிரானவர்கள்.

தோழர்களே, இந்த வகுப்பு முடிந்து நாம் வீடு திரும்புகிறோம். அடுத்த முறை ஒரு தந்தையோ தாயோ கண்ணீருடன் கட்சி அலுவலகத்துக்கு வரும்போது, அவர்களுக்கு இருக்கை கொடுங்கள், முழுவதும் கேளுங்கள். அதன்பின், அந்தப் பிள்ளை என்ன விரும்புகிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர் ஒரு கம்யூனிஸ்டாக இருக்கவேண்டும்.